ஜிப்ஸி இன்ஜின் வேலை: வேற இன்ஜின் வாங்குவதா, பழையதைத் தேற்றுவதா, பட்டறையில் கடைந்து போடுவதா?

மாருதி ஜிப்ஸி ஜீப் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தப் பஞ்சாயத்து வரும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் நீலமாகப் புகை, ஏற்றத்தில் செகண்ட் கியர் போட்டும் இழுவை இல்லை, ஆயில் ஊற்றி மாளவில்லை. மெக்கானிக் சைலன்ஸர் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு "இன்ஜினை இறக்கிப் பாத்தரலாங்க" என்பார். இறக்குவது சரி, அப்புறம்? புதுப்பேட்டை, உக்கடம் பழைய சாமான் கடைகளில் வேற இன்ஜின் தேடி மாட்டுவதா, இதையே போர் அடித்து (சிலிண்டரை அகலப்படுத்தி) கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கிரைண்ட் பண்ணித் தேற்றுவதா, கிடைக்காத சாமானை லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டுக்கொள்வதா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லோரும் அடித்துச் சொல்வார்கள்.

என் கட்சி இதுதான்: முழு இன்ஜினுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கக் கூடாது. சாமான் சாமானாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது போனால் கூடவே எதையெல்லாம் கொண்டுபோகும்?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். தனியாகப் போகிற சாமானை நாமே செய்துகொள்ளலாம். பிளாக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற சாமானுக்குக் கஞ்சத்தனம் ஆகாது.

முதலில் எந்த ஜிப்ஸி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1985-இல் வந்த பழைய வண்டியில் இருப்பது எஃப்10ஏ என்கிற 970 சிசி இன்ஜின், பிளாக் வார்ப்பிரும்பு. 1996-இல் ஜிப்ஸி கிங்கில் வந்தது ஜி13பிஏ, 1,298 சிசி, போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், சிலிண்டருக்குள் மட்டும் இரும்பு லைனர் (உள்குழாய்) வார்த்திருப்பார்கள். 2000-க்கு அப்புறம் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சுவது). நான் இங்கே பேசுவது பெரும்பாலும் நடுவில் சொன்ன 8 வால்வு கார்ப்பரேட்டர் இன்ஜினைப் பற்றி. நம்ம பக்கம் எஸ்டேட்டிலும் காட்டிலும் ஓடித் தேய்ந்து கிடப்பவை அதிகம் இவைதான்.

இறக்குவதற்கு முன்னால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வருகிற அழுத்தம்) பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம். இன்ஜின் சூட்டில், நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். 8 வால்வு 1.3-க்கு (அந்த 1,298 சிசிக்கு) சதுர செ.மீ.க்கு 14 கிலோ வந்தால் நல்ல இன்ஜின், 12-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் வேலை இருக்கிறது. குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து படுத்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். இன்னொரு விஷயம்: வால்பாறையில் இருந்து ஆழியாருக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவையும் கியரிலேயே இறக்கிவிட்டுக் கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மட்டும் குபீரென்று நீலப் புகை வருகிறது, மற்ற நேரம் இல்லை என்றால், அது பெரும்பாலும் வால்வு சீலும், வால்வுத் தண்டு ஓடுகிற குழாயான கைடும்தான். அதற்குப் போய் கிராங்க் வரை பிரித்துப் போடுகிற மெக்கானிக்கிடம் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, உண்மையாகவே இன்ஜின் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

வேற இன்ஜின் வாங்குவதுதான் வேகமான வழி. 8 வால்வு 1.3 எஸ்டீமிலும் வந்த இன்ஜின், அதனால் ஸ்கிராப் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஆனால் எஸ்டீமில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்ஸியில் நெட்டுக்கு. அதனால் வாங்கி வந்ததை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட முடியாது. சம்ப் (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி), ஆயில் பிக்கப், இன்ஜின் மவுண்ட், மேனிஃபோல்டு, ஃபிளைவீல் என்று உங்கள் பழைய இன்ஜினில் இருந்து கழற்றி அதற்கு மாற்ற வேண்டியது நிறைய இருக்கும். ஆகவே வேற இன்ஜின் வாங்கியவுடன் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இதில் பயப்பட வேண்டியது அந்த இன்ஜினின் ஜாதகம் தெரியாது என்பதுதான். கடைக்காரர் "ஓடிட்டு இருந்த வண்டிங்ணா, ஆக்ஸிடன்ட் கேஸ்" என்பார், எல்லா இன்ஜினுக்கும் அதைத்தான் சொல்வார். தண்ணீரில் மூழ்கிய வண்டியின் இன்ஜினாக இருந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போய் அடித்திருந்தால் கனெக்டிங் ராட் ஒரு நூல் வளைந்திருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது, ஸ்டார்ட்டும் ஆகும். பிளக் ஓட்டை வழியாக ஒரே அளவுக் கம்பியை விட்டு, நாலு பிஸ்டனும் மேலே வரும்போது எந்த உயரத்துக்கு வருகின்றன என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் பேரமே பேச வேண்டாம்.

அப்புறம் ஆர்.சி. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. எஃப்சிக்குப் போகும்போதோ வண்டியை விற்கும்போதோ மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கதை வேறு மாதிரிப் போகும், அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இருக்கிற இன்ஜினைத் தேற்றுவதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு அளவையும் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது. கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. பம்ப்செட்டுக்கும் மில்லுக்கும் வேலை செய்து பழகிய டர்னர்களும் கிரைண்டர்களும் ஒவ்வொரு ஏரியாவிலும் இருக்கிறார்கள், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை வாயால் சொல்லாமல் டயலில் காட்டுகிறவர்கள்.

பிளாக்கில் முதலில் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். முதல் ரிங் திரும்புகிற இடத்தில் ஒரு படி தட்டுப்படும். நகம் நன்றாகவே நிற்கிறது என்றால் அளக்காமலேயே போர் அடிக்க வேண்டியதுதான், இருந்தாலும் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளந்துவிடுவது நல்லது. 0.10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் புது ரிங் மட்டும் போட்டு ஓட்டலாம் என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். சும்மா ரிங் மாற்றி வெளியே வந்த வண்டிகள் எல்லாம் அடுத்த மழைக்குள் திரும்பப் பட்டறைக்கு வந்துவிடும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று இரண்டு அளவில் வரும். பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும், இந்த வரிசையை மாற்றவே கூடாது. பிஸ்டனை அளந்து, அதற்கு 0.02-இல் இருந்து 0.04 மி.மீ. இடைவெளி வருகிற மாதிரி போரை எடுப்பார் நல்ல ஆள். "0.50-க்கு அடிச்சு வெச்சிருங்க, பிஸ்டன் அப்புறம் வரும்" என்று பிளாக்கை விட்டுவிட்டு வந்தால் பிஸ்டன் அறையும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

ஸ்லீவ் போடுவது, அதாவது சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாய் இறக்குவது பற்றி. ஏற்கெனவே 0.50 வரை அடித்தாகிவிட்டது, அல்லது ரிங் உடைந்து ஒரே ஒரு சிலிண்டரில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது என்றால்தான் இதற்கு வர வேண்டும். பழைய எஃப்10ஏ வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் ஸ்லீவ் இறக்குவது பட்டறைக்குத் தினசரி வேலை. ஜி13-இல் அப்படி இல்லை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பழைய லைனரைக் கடைந்து எடுத்துவிட்டுப் புது ஸ்லீவை நேராக அலுமினியத்தில் இறக்கினால் இன்ஜின் சூடாகும்போது பிடி தளரப் பார்க்கும். மேலே விளிம்பு வைத்த ஸ்லீவ், சரியான இறுக்கம், இந்த வேலையை ஏற்கெனவே செய்த ஆள், மூன்றும் அமைந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் நல்ல பிளாக் ஒன்றைத் தேடுவது உத்தமம். நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் போடுகிற நிலை வந்துவிட்டது என்றால், என்னைக் கேட்டால், அந்தக் காசில் வேற பிளாக்.

கிராங்க்குக்கு வருவோம். மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுற்றுகிற இடம்) 45 மி.மீ., பின் (ராட் மாட்டுகிற இடம்) 42 மி.மீ., மொத்தம் ஒன்பது ஜர்னல். 0.25 அண்டர்சைஸுக்குக் கிரைண்ட் பண்ணி அந்த அளவு மெட்டல் (ஜர்னலைத் தாங்குகிற பேரிங் ஓடு) போட்டால் இன்னொரு ஆயுசு ஓடும். கிரைண்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஜர்னல் முடிந்து சுவர் எழும்புகிற மூலையில் இருக்கிற அந்தச் சின்ன வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். கல்லின் ஓரம் கூராக இருந்து அங்கே மூலை விழுந்துவிட்டால் கிராங்க் உடைகிறபோது அங்கேதான் உடையும். வேலை முடிந்ததும் ஆயில் ஓட்டை ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷும் டீசலும் விட்டு, நீங்களே நின்று, கழுவுங்கள். கிரைண்டிங் தூள் உள்ளே ஒரு சிட்டிகை இருந்தால் போதும், புது மெட்டல் அரை மணி நேரம் தாங்காது.

சில பட்டறைகளில் தேய்ந்த மெட்டலுக்குப் பின்னால் சிகரெட் அட்டைப் பேப்பரை வைத்து இறுக்கி "சவுண்ட் நின்னுருச்சு பாருங்க" என்பார்கள். நிற்கும். சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்கிற வரைக்கும் நிற்கும். மெட்டல் தன் சூட்டைப் பின்னால் இருக்கிற இரும்புக்குக் கடத்தித்தான் பிழைக்கிறது, நடுவில் பேப்பரை வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

இனிமேல்தான் நாமே செய்துகொள்கிற சாமான். இதில்தான் ஆர்வமும் அதிகம், வினையும் அதிகம்.

பிஸ்டனை வார்த்துக் கடைந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பார்க்க உருளை மாதிரி இருக்கிறதே தவிர பிஸ்டன் வட்டமே கிடையாது. பின் இருக்கிற திசையில் சற்றுக் குறுகலாகவும் அதற்குக் குறுக்கே அகலமாகவும், மேலே சிறுத்தும் கீழே பெருத்தும் இருக்கும். சூடானதும் அது விரிந்து சரியான உருவத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. சாதா லேத் வட்டமாகத்தான் கடையும். போதாததற்குச் சிலிக்கான் கலந்த அலுமினியம், உள்ளே நுரை இல்லாத வார்ப்பு, ரிங் பள்ளத்தின் துல்லியம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கடையில் வாங்குங்கள். ரிங்கும் அப்படித்தான், மெட்டலும் அப்படித்தான். ஃபோர்டு மாடல் டி காலத்தில் வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றி, கையால் சுரண்டி உட்கார வைத்தார்கள், அது உண்மை. அந்த இன்ஜின் சுற்றிய வேகமும் இது சுற்றுகிற வேகமும் ஒன்றல்ல.

கனெக்டிங் ராட் போல்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் "ஈஎன் 24 ஸ்டீல்ல கடைஞ்சு போட்டர்லாங்ண்ணா, ஒரிஜினலவிட ஸ்ட்ராங்கு" என்று நல்ல டர்னரே சொல்வார். பிஸ்டனும் பின்னும் சேர்ந்து ஒரு 300 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 5,500 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்புகிற அந்த நொடியில் அந்த 300 கிராம் ராடை இழுக்கிற இழுப்பு சுமார் 500 கிலோ. அதைத் தாங்குவது இரண்டு போல்ட், அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. கம்பெனி போல்ட்டில் மரை உருட்டி அழுத்தியது, லேத்தில் மரை வெட்டி எடுத்தது. வெட்டிய மரையின் அடிப் பள்ளத்தில் இருக்கிற கீறலில் இருந்துதான் விரிசல் கிளம்பும். போல்ட் போனால் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும், கதை முடிந்தது. புது போல்ட்டும் நட்டும் வாங்கிப் போட ஆகிற காசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் போய்வருகிற பெட்ரோல் காசுகூட வராது.

ஆனால் வால்வு கைடு? தாராளமாகக் கடைந்து போடலாம். பாஸ்பர் பிரான்ஸ் ராடில் கடைந்து, இறுக்கம் விட்டு, ஹெட்டை சூடு பண்ணி இறக்கி, ரீமர் போட்டால் கடையில் வாங்குவதைவிட நன்றாகவே உழைக்கும். வால்வுக்கும் கைடுக்கும் நடுவில் 0.02-இல் இருந்து 0.06 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட்டுக்கு 0.06 பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், பிரான்ஸ் சூட்டில் சற்று அதிகமாக விரிகிற சரக்கு. கைடு மாற்றியதும் சீட்டையும் அந்தக் கைடை மையமாக வைத்து வெட்டியாக வேண்டும். பலர் இங்கே கோட்டை விட்டுவிட்டு மணிக்கணக்காக லேப்பிங் பேஸ்ட் வைத்து உரசிக்கொண்டிருப்பார்கள்.

ஹெட் வளைந்திருந்தால் கவனம். அடிப்பக்கத்தை ஸ்டீல் ஸ்கேலும் ஃபில்லர் கேஜும் வைத்துப் பார்த்து 0.05-க்கு மேல் போனால் ஃபேஸிங் (கடைந்து மட்டமாக்குவது) என்பது சரிதான், ஆனால் இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ளேயே நேரடியாக ஓடுகிறது, பின்பக்கமாகத்தான் அதை உருவி எடுக்க வேண்டும். ஹெட் அடியில் வளைந்திருந்தால் மேலேயும் வளைந்திருக்கும். அடியை மட்டும் மட்டமாக்கிவிட்டு வந்தால் கேம் ஓடுகிற வழி கோணலாகவே இருக்கும். எனவே ஃபேஸிங்குக்கு முன்னாலேயே ராக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆயில் தடவிக் கேமை மட்டும் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு விரலில் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் பிடித்தால் அந்த ஹெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் என்றால் ஆர்கான் வெல்டிங் பண்ணலாம், பண்ணுகிறார்கள், நன்றாகவும் நிற்கிறது, ஆனால் முழு ஹெட்டையும் முன்னால் சூடு பண்ணி, வெல்டு அடித்து, மெதுவாக ஆறவிட்டு, பிரஷர் டெஸ்ட் பண்ணித் தருகிற இடத்தில் மட்டும்.

பேக்கிங் எல்லாம் வீட்டிலேயே வெட்டலாம், ஹெட் கேஸ்கட் தவிர. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வாய் போன்றவற்றுக்கு பேக்கிங் ஷீட் வாங்கிக்கொண்டால் போதும். பழைய இரும்பு இன்ஜினில் ஷீட்டைச் சாமான் மேலேயே வைத்து உருண்டைச் சுத்தியலால் ஓரத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் ஓரமே கத்தியாக வெட்டிக் கொடுக்கும், போல்ட் ஓட்டைக்கு ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. அலுமினியத்தில் அந்த வித்தையைக் காட்டினால் ஓரம் நசுங்கிவிடும். அங்கே கிரீஸ் தடவிய விரலால் ஷீட்டை அழுத்தினால் அச்சு விழும், அந்த அச்சைப் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் ஸ்டட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், கார்ப்பரேட்டர் அடியில் வைக்கிற அடாப்டர் பிளேட், ஆக்சிலரேட்டர் லிங்க், அரித்துப்போன தண்ணீர் வாய் இதெல்லாம் தயங்காமல் பட்டறையில் செய்துகொள்ளலாம். போனால் அதோடு போகும், கட்டுக்கம்பி கட்டியாவது வீடு வந்து சேரலாம். தண்ணீர் வாய் ஏன் அரிக்கிறது என்றால் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றுவதால். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் கூலன்ட் கலக்காமல் அலுமினிய இன்ஜினுக்கு ஊற்றக் கூடாது. அலுமினியத்தில் மரை கழன்ற ஓட்டைகளுக்கு ஹெலிகாயில் (மரையாக உட்காருகிற கம்பிச் சுருள்) போடுங்கள், பெரிய போல்ட்டாக டேப் போட்டு ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் சுவரே இருக்காது.

ஸ்நார்கல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்தில் இருந்து இழுக்கிற குழாய்) மட்டும் ஒரு விதிவிலக்கு. பிவிசி பைப்பில் வீட்டில் செய்தது என்பதில் தப்பே இல்லை, ஆனால் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு இணைப்பு லூஸாக இருந்தால் தூசி ஃபில்டருக்குள் போகாமல் நேராக உள்ளே போகும். ஜிப்ஸி இன்ஜின்கள் சீக்கிரம் தேய்வதற்குப் பாதிக் காரணம் அந்தப் பக்கம்தான் என்பது என் எண்ணம். செலவு பண்ணிப் போர் அடித்த இன்ஜினுக்கு ஐந்து ரூபாய் கிளிப் எமனாகிவிடும்.

ஆக, யார் எதைச் செய்யலாம்? வண்டி தினமும் ஓடியாக வேண்டும், ஒரு வாரம்கூட நிறுத்த முடியாது என்கிற எஸ்டேட் ஆட்கள் நல்ல இன்ஜின் ஒன்றைக் கண்ணால் பார்த்து, ஆர்.சி.யில் ஏற்றி, மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பழையதை ஓரமாக வைத்து நிதானமாகத் தேற்றலாம், அடுத்த முறைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர்கள் பிளாக்கும் கிராங்கும் கணக்குக்குள் இருக்கிற வரை இருப்பதையே தேற்றுவதுதான் நல்லது, நம்பரும் மாறாது. 970 சிசி பழைய வண்டிக்காரர்கள் பாடுதான் கஷ்டம். மாருதி 1000-இல் வந்த அதே இன்ஜின் என்பதால் அந்தக் காரின் சாமானையும் சேர்த்துத் தேடலாம், கிடைக்கிற பிஸ்டன் செட்டையும் மெட்டலையும் இப்போதே வாங்கி எண்ணெய் தடவி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பட்டறை பார்த்துக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல், ஆயில் லைட் அணைகிற வரை செல்ஃப் அடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். முதல் 100 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கி வெயிலில் பாருங்கள். தங்க நிறத்தில் மினுக்கினால் நீங்கள் கடைந்து போட்ட கைடு தேய்ந்து உட்காருகிறது, கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. வெள்ளி மாதிரி சாம்பல் நிறத் தூள் என்றால் மெட்டலோ பிஸ்டனோ. காந்தத்தில் ஒட்டினால் ரிங், கிராங்க், கேம் பக்கம். முதல் முறை சற்று வருவது சகஜம், ஆயிலும் ஃபில்டரும் மாற்றி இன்னொரு 500 ஓட்டிவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள், அப்போதும் அதே அளவு வந்தால் வண்டி நன்றாக ஓடினாலும் சம்பைக் கழற்றிவிடுங்கள்.